விமானப்படை பைலட் ஆக 19 வயதில் கண்ணில் லேசர் செய்யலாமா?

கேள்வி: தக்கலைப் பக்கம் ஊர். வயது 19. நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வலக்கண் −2.75, இடக்கண் −3.25. ஆஃப்கேட் (விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதி விமானப்படையில் பைலட் ஆக வேண்டும். இந்த செமஸ்டர் லீவிலேயே லேசர் செய்துகொள்ளலாமா?

பதில்:

இந்த லீவில் வேண்டாம் தம்பி. 20 வயது நிறையும் முன் செய்த லேசரை விமானப்படை ஏற்பதில்லை. ஒரு மாதம் முந்திச் செய்தாலும் அந்தக் கதவு அடைபட்டுவிடும், பிறகு 6/6 தெரிந்தும் பயனில்லை. (பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. வழியில் போகிறவர்களுக்கு லேசர் என்ற பேச்சே கிடையாது.)

20-க்குப் பிறகு என்றால் நிபந்தனைகள் இவை. பி.ஆர்.கே. (கருவிழியின் மேற்பரப்பிலேயே லேசர் வைப்பது) அல்லது லாசிக் (கருவிழியில் மெல்லிய மடல் வெட்டித் திறந்து அடியில் லேசர் வைப்பது) செய்து சிக்கல் எதுவும் இல்லாமல் 12 மாதமாவது ஓடியிருக்க வேண்டும். செய்வதற்கு முன் பவர் 6-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. கண்ணின் நீளம் 25.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. லேசருக்குப் பிறகு கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. கத்தியால் கீறும் பழைய ஆர்.கே. முறை அறவே ஆகாது. ஸ்மைல் போன்ற புது முறைகளை ஆஸ்பத்திரியில் எடுத்துச் சொல்வார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிப்பில் அந்தப் பெயர் எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பலர் சறுக்குவது நீளத்தில்தான். கிட்டப்பார்வை வருவதே பெரும்பாலும் கண் உருண்டை நீண்டுபோவதால். லேசர் முன்பக்கத்துக் கருவிழியைச் சீவி வளைவை மாற்றுகிறதே தவிர, உருண்டையின் நீளத்தைத் தொடுவதில்லை. 25.8 மி.மீ. இருந்த கண் லேசருக்குப் பிறகும் 25.8தான். இந்த அளவை முன்கூட்டியே எடுத்துவிடலாம். புரை ஆபரேஷனுக்கு முன் தாத்தா பாட்டிகளுக்கு லென்ஸ் பவர் கணக்கிட எடுப்பார்களே, அதே அளவுதான். ஐ.ஓ.எல். மாஸ்டர் என்ற ஒளிக்கருவியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் முனையைத் தொட்டு எடுக்கும் ஏ-ஸ்கேனில் அழுத்தம் பட்டால் நீளம் சற்றுக் குறைத்தே காட்டும். 25.4 என்ற அந்தச் சீட்டை நம்பிப் பணம் கட்டினால், பெங்களூரில் மருத்துவப் பரிசோதனையின்போது 25.6 என்று வந்து நிற்கலாம்.

அடுத்தது தடிமன். 6.5 மி.மீ. அகலத்துக்கு லேசர் வைத்தால் ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் சீவப்படும். உங்கள் இடக்கண்ணுக்கு 3.25 × 14, அதாவது 46 மைக்ரான். கருவிழி இப்போது 530 என்றால் 484 மிஞ்சும், கவலையில்லை. 490தான் என்றால் 444, போச்சு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 490 கருவிழியைப் பார்த்தும் டாக்டர் ‘தாராளமாகச் செய்யலாம்’ என்பார், அவர் சொல்வதும் சரிதான். லாசிக் மடலுக்கு 110 கழித்தாலும் அடியில் 330-க்கு மேல் இருக்கிறது, மருத்துவக் கணக்கில் அது பாதுகாப்பு. ஆனால் படையின் கணக்கு வேறு. அதனால் ‘எனக்குச் செய்யலாமா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், ‘செய்தபின் எத்தனை மைக்ரான் மிஞ்சும்’ என்று கேளுங்கள். எண்ணைக் காப்பாற்ற லேசர் அகலத்தைக் குறைக்கச் சொல்வதும் தப்பு. உங்கள் வயதில் இருட்டில் கண்பாப்பா 7 மி.மீ. வரை விரியும். அகலம் குறைந்தால் இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். ஓடுபாதை விளக்கைப் பார்த்து இறங்க வேண்டியவருக்கு அது ஆகாது.

நிறப்பார்வையையும் விழித்திரையையும் லேசர் சரிசெய்யாது. புள்ளிப் படத்தில் எண் வாசிக்கும் இஷிஹாரா சோதனையை எல்லாவற்றுக்கும் முன் முடியுங்கள். அதில் தவறினால் மற்றச் செலவே வேண்டாம். கிட்டப்பார்வைக் கண்களில் விழித்திரை ஓரம் மெலிந்திருக்கலாம், அதற்குச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்: பறக்கும் பிரிவுக்கு 162.5 செ.மீ. வேண்டும்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கருவிழி வளைவு பொய் சொல்லும். திருநெல்வேலி அரவிந்த் போனாலும் திருவனந்தபுரம் போனாலும் ஒரே நாளில் முடித்துவிடலாம். வளைவு, தடிமன், நீளம் முதலில், சொட்டு கடைசியில். பைக்கில் போகாதீர்கள், வடசேரியில் பஸ் ஏறுங்கள். சொட்டு விட்டபின் நாலைந்து மணி நேரம் வெயிலைப் பார்க்க முடியாது. ஒரு வருடம் கழித்துப் பவரை மறுபடி பாருங்கள். 0.5 கூடியிருந்தால் கண் இன்னும் வளர்கிறது, பொறுங்கள். அவசரப்பட்டுச் செய்து மீண்டும் பவர் வந்தால் விமானிக்கு அது ஏற்பில்லை. இரண்டாம் முறை லேசர் வைத்தால் தடிமனும் குறையும், 12 மாதமும் அன்றிலிருந்து எண்ண வேண்டிவரும்.

லாசிக்கா பி.ஆர்.கே.வா? என் ஓட்டு பி.ஆர்.கே.வுக்கு. லாசிக்கில் வெட்டிய மடல் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. கபடியில் ஒரு விரல் பட்டாலும் நகரலாம். பி.ஆர்.கே.யில் மடலே இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை முதல் மூன்று நாள் நல்ல வலி, தெளிவு வரச் சில வாரம், ஸ்டீராய்டு சொட்டு மாதக்கணக்கில். அந்த மாதங்களில் வெயில் பட்டால் கருவிழியில் புகைபோல மங்கல் படியலாம். கடற்கரை வெயில் இன்னும் கூடுதல், நீரிலிருந்தும் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றில் மண் பறக்கும்போது லேசரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். குளம், கடல், திற்பரப்பு அருவி எல்லாம் ஒரு மாதத்துக்கு மூட்டை கட்டுங்கள்.

வயதுக் கணக்கு இடம் தருகிறது. பயிற்சி தொடங்கும் நாளில் 20 முதல் 24 வரை இருக்கலாம். 20 முடிந்ததும் செய்தால் 21-ல் மருத்துவப் பரிசோதனைக்குப் போகலாம், அதற்குள் பட்டமும் கையில் இருக்கும். ஆனால் அதற்கு முன் சி.பி.எஸ்.எஸ். என்ற விமானித் தேர்வு ஒன்று உண்டு, வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தவறினால் கண் எப்படி இருந்தாலும் பறக்கும் பிரிவு இல்லை. ஆகவே பைலட் ஆகாவிட்டாலும் கண்ணாடி இல்லாமல் இருக்க விரும்புகிறீர்களா என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். இல்லை என்றால் இந்தச் செலவுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செய்வதானால் முந்தைய பவர், தடிமன், நீளம், செய்த தேதி, முறையின் பெயர் ஐந்தும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி முத்திரை வைத்துக் கேளுங்கள். மறைக்க நினைக்காதீர்கள், கருவிழி வளைவுப் படம் எடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.