சிசேரியன் கற்க அமெரிக்கா போகலாமா? ஒரு குடும்ப மருத்துவரின் கேள்வி

கேள்வி: மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், குடும்ப மருத்துவ நிபுணராக இருக்கிறேன். வயது 34. மாஸ்டர்ஸ் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த வேலை. அமெரிக்காவில் குடும்ப மருத்துவர்களுக்கென்றே ஒரு வருட மேல்நிலை மகப்பேறு ஃபெலோஷிப் (கூடுதல் பயிற்சி) இருக்கிறது, அதை முடித்தவர்கள் தாங்களே சிசேரியன் செய்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. கணவர் சரி என்கிறார். மகளுக்கு நான்கு வயது. போகலாமா? திரும்பி வந்தால் இங்கே செய்ய விடுவார்களா? போகாவிட்டால் வேறு என்ன வழி?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் டாக்டர், மற்ற இரண்டும் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. இன்றைய நிலையில் அந்தப் பயிற்சியை முடித்து வந்தாலும், பினாங்கிலோ கோலாலம்பூரிலோ குடும்ப மருத்துவர் என்ற முறையில் சிசேரியன் செய்ய உங்களுக்கு இடம் கிடைக்காது. 2017 ஜூலை 1 முதல், ஒரு துறையின் நிபுணராக வேலை செய்ய தேசிய நிபுணர் பதிவேட்டில் அந்தத் துறையின் கீழ் பெயர் இருக்க வேண்டும். உங்கள் பெயர் குடும்ப மருத்துவத்தின் கீழ் இருக்கிறது. ஒரு வருட ஃபெலோஷிப் அதை மகப்பேற்றுத் துறைக்கு மாற்றாது. தியேட்டருக்குள் யாரை விடுவது என்பதை அந்தந்த மருத்துவமனை முடிவு செய்கிறது, இவர் எந்தத் துறை என்பதைத்தான் அவர்களும் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் மருத்துவர்களின் தொழில் காப்புறுதி. பிரசவம் பார்க்கிற மருத்துவர் கட்டுகிற சந்தா, கிளினிக் மருத்துவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு.

இது உங்களுக்குக் கசப்பாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அந்தப் பயிற்சி எதற்காக உருவானது என்று பார்த்தால் கசப்பு கொஞ்சம் குறையும்.

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் மகப்பேற்று நிபுணர் இல்லாத சின்ன மருத்துவமனைகள் நிறைய. நிபுணர்கள் நகரங்களில் கூடிவிட்டார்கள். ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் பிரசவ வார்டையே மூடிவிட்டார்கள். வலி கண்ட பெண்ணை மணிக்கணக்கில் வண்டியில் கொண்டுபோக வேண்டிய இடத்தில், அவளுடைய சளிக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதுகிற அதே டாக்டர் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கத் தெரிந்தவராக இருந்தால் இரண்டு உயிர் பிழைக்கும். அந்தத் தேவைதான் இந்தப் பயிற்சியைப் பெற்றெடுத்தது. ரெசிடென்சி என்கிற மூன்று வருட நிபுணர் பயிற்சிக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடம். சிசேரியன், வேக்குவமோ ஃபோர்செப்ஸோ வைத்துக் குழந்தையை எடுப்பது, ஆசனவாய் வரை போன கிழிசலைத் தைப்பது, நச்சுக்கொடியைக் கையால் எடுப்பது, கர்ப்பப்பை சுத்தம் செய்வது, பிரசவத்துக்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷன், ஸ்கேன் எல்லாம் அதில் வரும். இந்தியாவிலும் இதே காரணத்துக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 16 வாரம் அவசர மகப்பேற்றுப் பயிற்சி கொடுத்து சிசேரியன் செய்ய வைத்தார்கள். மயக்க மருந்துக்குத் தனியாக 18 வாரம்.

உங்கள் கிளினிக்கிலிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் போகிறது? அந்தத் தூரம்தான் உங்கள் கேள்விக்கான விடை. எங்கே அறுக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகே எங்கே கற்பது என்று தேட வேண்டும். சரவாக் மாநிலத்தின் உட்பகுதியில், ஆற்றுவழியும் ஹெலிகாப்டரும் மட்டும் துணையாக வேலை பார்க்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

போவதென்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர் மாஸ்டர்ஸை வைத்துக்கொண்டு நேரே அந்த ஒரு வருடத்துக்குள் நுழைய முடியாது. பெரும்பாலான இடங்களில் அமெரிக்க ரெசிடென்சி முடித்தவரைத்தான் எடுப்பார்கள், மாநில லைசென்ஸும் வேண்டும். சில மாநிலங்கள் அண்மையில் வெளிநாட்டு மருத்துவர்களுக்கு வழியைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும், உங்கள் கணக்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள், மூன்று வருட ரெசிடென்சி, அதன்மேல் ஃபெலோஷிப் என்றுதான் ஓடும். உங்கள் மகள் தொடக்கப்பள்ளியில் பாதியைத் தாண்டியிருப்பாள். இன்னொன்று, இந்த ஃபெலோஷிப்புகளுக்கு அங்கே ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ.யின் முத்திரை கிடையாது. விசா விஷயத்தில் இது இடிக்கும். குடும்ப மருத்துவ போர்டும் மகப்பேற்றுக்கென்று தனிச் சான்றிதழ் தருவதில்லை, வேறோர் அமைப்பின் போர்டு ஒன்று தருகிறது. அதனால் அங்கேயும் உங்களைத் தியேட்டருக்குள் விடுவது சான்றிதழைவிட, நீங்கள் செய்த அறுவைகளைக் குறித்துவைத்த லாக்புக்தான்.

அந்த லாக்புக்கை வைத்தே ஒரு பயிற்சி இடத்தை எடைபோடலாம். வருடத்துக்கு எத்தனை சிசேரியன் நடக்கிறது என்று கேட்காதீர்கள். கடந்த வருட ஃபெலோ எத்தனை அறுவையில் முதல் ஆளாக நின்றார், அதில் எத்தனை முன்பே அறுத்த வயிறு என்று கேளுங்கள். முதல் சிசேரியனும் மூன்றாவது சிசேரியனும் ஒரே ஆப்பரேஷன் இல்லை. மூன்றாவதில் மூத்திரப்பை மேலே இழுத்து ஒட்டியிருக்கும், கர்ப்பப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றாகிப் போயிருக்கும். அதே வார்டில் மகப்பேற்றுத் துறை ரெசிடென்ட்களும் இருந்தால் நல்ல கேஸ்கள் அவர்களுக்கே போகும், நீங்கள் வெட்டை விரித்துப் பிடிக்கும் கொக்கியோடு உதவியாளாக நிற்பீர்கள். முடித்துப் போனவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் அறுவை செய்கிறார்கள் என்று ஆள் ஆளாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டுவிடலாம்.

அமெரிக்காவை விட்டால் ஆஸ்திரேலியா. அங்கே கிராமப்புற ஜி.பி.க்கள் (பொது மருத்துவர்கள்) பிரசவம் பார்ப்பது நீண்ட மரபு. ரான்ஸ்காக் என்கிற அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் கல்லூரி நடத்தும் டிப்ளமா ஆறு மாதம், சிசேரியன் வரை போகும் மேல்நிலை டிப்ளமா மொத்தம் ஒரு வருடம். பெயரை இப்போது மாற்றியிருக்கிறார்கள், கட்டமைப்பு அதுதான். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் பொதுவாகப் பத்து வருடம் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் வேலை செய்தால்தான் அரசுக் காப்பீட்டில் பில் போடத் தேவையான மெடிகேர் எண் கிடைக்கும். குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடுவதாக இருந்தால் இது அமெரிக்காவைவிட நேரான வழி என்பது என் எண்ணம். கனடாவில் குடும்ப மருத்துவர்களுக்கு மகப்பேற்று அறுவைத் திறனுக்கென்றே கூடுதல் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, அங்கே ரெசிடென்சிக்குள் நுழைய நிரந்தரவாசியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் மகப்பேற்று டிப்ளமாவான டி.ஆர்.சி.ஓ.ஜி. வெறும் எழுத்துத் தேர்வு, அது கத்தி பிடிக்கக் கற்றுத்தராது.

கையில் கத்தியோடு நிற்பதுதான் வேண்டும், அதுவும் இந்த நாட்டில் என்றால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மகப்பேற்றுத் துறைக்கே மாறுங்கள். மகப்பேற்று (ஓ அண்ட் ஜி) பிரிவில் எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்து, பிரிட்டனின் மகப்பேற்று நிபுணர் தேர்வான எம்.ஆர்.சி.ஓ.ஜி. எழுதலாம், அல்லது அந்தத் துறையின் நான்கு வருட மாஸ்டர்ஸ். 34 வயது அதற்குத் தாமதமில்லை. அங்கே எம்.ஓ.க்கள் நிபுணரின் மேற்பார்வையில் சிசேரியன் செய்துதான் வளர்கிறார்கள், நீங்கள் அமெரிக்காவில் தேடுகிற அறுவை அனுபவம் பினாங்கிலேயே கிடைக்கும். மறுபடியும் ராத்திரி ஆன்கால் தொடங்கும். அதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்த ஒரு வரியைத்தான்: கர்ப்பிணிகளைப் பார்ப்பது பிடிக்கும் என்கிறீர்கள். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிளினிக்கில் இருந்தபோது ஒரு மதியம், 35 வாரக் கர்ப்பிணி ஒருத்தி தன் மூத்த பையனின் இருமலுக்காக வந்தாள். பையில் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகம் இருந்தது, அட்டையில் பச்சை ஸ்டிக்கர், அதாவது கிளினிக்கிலேயே பார்க்கலாம் என்ற நிறம்; சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. அவளுக்கு அன்றைக்குத் தவணை இல்லை. பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது தாலிக்கொடியில் ஒரு கல்யாண மோதிரம் கோத்திருந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். "விரல்ல இறுக்குது டாக்டர், ரெண்டு நாளாச்சு கழட்டி" என்றாள். தலைவலி உண்டா என்றதற்கு, "கல்யாண வீட்டுல தூக்கம் இல்ல, அதான்" என்று நெற்றியைத் தேய்த்தாள். பிரஷர் 168க்கு 112. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். முழங்காலில் சுத்தியலால் தொட்டதும் கால் எகிறியது. எந்த நிமிடமும் வலிப்பு வரலாம் என்ற நிலை.

அடுத்த அரை மணி நேரம் நானும் மிஸியும் (நர்ஸ்) அவளை விட்டு நகரவில்லை. வலிப்பைத் தடுக்க இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் மக்னீசியம் சல்ஃபேட், பிரஷருக்கு மருந்து, சிறுநீர்க் குழாய், புத்தகத்தில் சிவப்பு ஸ்டிக்கர், மருத்துவமனைக்கு நேரடி போன். ஆம்புலன்ஸில் மிஸி கூடவே போனார். அன்றிரவு சிசேரியன். அறுத்தவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்துக் குழந்தைக்கு ஊசி போட வந்தாள், மோதிரம் விரலில் இருந்தது.

1991இலிருந்து இந்த நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியம் காத்து விசாரிக்கும் முறை இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பேச்சு பெரும்பாலும் தியேட்டருக்கு முன்னால் நடந்ததைப் பற்றித்தான் இருக்கும்: எப்போது கண்டுபிடித்தார்கள், எப்போது அனுப்பினார்கள். வெள்ளையிலிருந்து பச்சைக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் ஸ்டிக்கரை மாற்றுகிற அந்தத் தீர்ப்பு உங்கள் மேசையில் நடக்கிறது. அதில் மேல்நிலைப் பயிற்சி எடுக்க விமானம் ஏற வேண்டியதில்லை.

முதலில் ஸ்கேன். நீங்கள் நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையின் மகப்பேற்றுத் துறைத் தலைவரிடம் நேரில் போய், வாரத்துக்கு அரை நாள் சிக்கலான கர்ப்பங்களுக்கான கிளினிக்கில் உட்கார அனுமதி கேளுங்கள். கிளினிக் பொறுப்பதிகாரியிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை வரும் முதல் வாரமே அந்த அரை நாள் காணாமல் போய்விடும். குழந்தையின் வளர்ச்சி, நச்சுக்கொடி இருக்கும் இடம், பனிக்குடத் தண்ணீரின் அளவு இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே நம்பிக்கையோடு சொல்ல முடிந்தால் உங்கள் ரெஃபரல் கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

அடுத்தது கர்ப்பத்தோடு வரும் நோய்கள். நம் பெண்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் 5.1, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8 (mmol/L) என்ற எல்லையில் ஒன்றைத் தொட்டவளைப் பிரசவத்தோடு விட்டுவிடாமல், ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதித்து, அதன்பின் வருஷா வருஷம் கூப்பிட்டுப் பார்ப்பது குடும்ப மருத்துவரால் மட்டுமே முடிகிற காரியம். பிரசவம் ஆனதும் மகப்பேற்றுத் துறை அவளை விட்டுவிடும்.

அவசரப் பயிற்சியும் வேண்டும். ரத்தப்போக்கு, தோள் சிக்கிக்கொள்வது, வலிப்பு இவற்றுக்கு மலேசிய மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் ஐ.சி.ஓ.இ. பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில் 1991இல் குடும்ப மருத்துவர்களே உருவாக்கிய ஆல்ஸோ பயிற்சியும் இதே வகை. தனியாகப் போகாமல் உங்கள் மிஸியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தம் கொட்டும்போது ஒருவர் கை கர்ப்பப்பையை உள்ளும் புறமுமாக அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினை எடுப்பது இன்னொருவர் கைதான்.

எந்த வழியில் போனாலும் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நீங்கள் ஸ்கேன் செய்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தேதி, எத்தனை வாரம், நீங்கள் கணித்த எடை, பிரசவத்தில் வந்த எடை. அனுப்பிய ஒவ்வொருத்திக்கும் என்ன நினைத்து அனுப்பினீர்கள், அங்கே என்னவென்று தெரிந்தது. பெயர் எழுதாதீர்கள், ஒரு எண் போதும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு துறைத் தலைவரைப் பாருங்கள். ஃபெலோஷிப் விண்ணப்பமோ மாஸ்டர்ஸ் நேர்காணலோ வந்தாலும் முதலில் அதைத்தான் மேசையில் வைப்பீர்கள்.