லாரிக்கு தனியா ஜிபிஎஸ் வாங்கணுமா, எதைப் பாத்து வாங்குறது?

போன்லயே மேப் இருக்கே, லாரிக்கு எதுக்கு தனி ஜிபிஎஸ்னு கேட்டிருக்கீங்க. போன் மேப் பொதுவா காருக்கு வழி சொல்றது, உங்க வண்டி எவ்ளோ உயரம் எவ்ளோ வெயிட்னு அதுக்கு தெரியாது, சீக்கிரம் போயிரலாம்னு ஒரு தாழ்வான பாலத்துக்கிட்ட கொண்டுபோய் விட்டுரும், அப்புறம் அவ்ளோ நீள வண்டிய ரிவர்ஸ் எடுக்கிற பாடு இருக்கே...

லாரி ஜிபிஎஸ்ல உயரம், அகலம், நீளம், மொத்த எடை, ஆக்சில் லோடு (ஒவ்வொரு அச்சு மேலயும் விழுற எடை), ஆபத்தான சரக்கான்னு எல்லாம் போட்டு வச்சா அதுக்கேத்த ரூட் காட்டும். கார்மின், டாம்டாம், ராண்ட் மெக்னாலி மூணுலயும் லாரிக்குன்னே மாடல் இருக்கு. ஆனா பிராண்ட விட நீங்க ஓட்டுற ஏரியாவுக்கு லாரி டேட்டா இருக்கான்னு பாருங்க, பாலத்தோட உயரம் மேப்ல ஏத்தலன்னா அதுவும் சாதா ஜிபிஎஸ்தான். ஸ்கிரீன் 7 இன்ச்சாவது வேணும், கேபின்ல டாஷ்போர்டு தள்ளி இருக்கும். மேப் அப்டேட்டுக்கு தனியா காசு கேப்பாங்களான்னு முதல்லயே விசாரிங்க.

வாங்கினப்புறம் உயரத்த லோடு ஏத்தின நிலைமைல அளந்து போடுங்க, அடி மீட்டர் குழப்பம் வேற வரும், பாத்துக்கோங்க. டிரெய்லர் மாத்துனா செட்டிங்கயும் மாத்தணும், நிறைய பேர் இதத்தான் விட்டுர்றாங்க.