பூனையின் காதில் திரும்பத் திரும்பக் கருப்பு அழுக்கு சேர்வது ஏன்?
செங்கோட்டையில் நீங்கள் வளர்க்கும் பூனையின் காதை எத்தனை முறை துடைத்தாலும் கருப்பு அழுக்கு மீண்டும் சேர்வது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். காப்பித்தூள் போல உதிரும் அழுக்கும் ஓயாத சொறிதலும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் காதுக்குள் வாழும் நுண்ணிய உண்ணிகளே காரணம். அந்த அழுக்கைக் கருப்புத் தாளில் பரப்பி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், வெள்ளைப் புள்ளிகள் மெல்ல நகர்வதைச் சில சமயம் காணலாம். முட்டை முழு உண்ணியாக வளர ஏறத்தாழ 3 வாரங்கள் ஆவதால், மருத்துவர் சொன்ன காலம் முழுவதும், வீட்டிலுள்ள மற்றப் பூனைகளுக்கும் நாய்க்கும் சேர்த்தே மருந்திட வேண்டும்.

புனலூர் உறவினர் யாரேனும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னாலும், செவிப்பறை கிழியாமல் இருப்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்து உறுதிசெய்யும் வரை எதையும் ஊற்றாதீர்கள். பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளே தள்ளிவிடும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தோ பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது. தயவுசெய்து அதைத் தொடவே வேண்டாம்.