மழையில் மலையேற எந்த டென்ட்?

கேள்வி: ஜூலையில் நானும் நண்பனும் மணாலி பக்கம் மலையேறப் போகிறோம். மழைக்காலம். எடை குறைந்த, நனையாத டென்ட் எது? (வாசகர், ராயபுரம்)

பதில்: ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைச் சுவர் டென்ட் எடை குறைவுதான், ஆனால் அது உலர்ந்த குளிருக்குத்தான் சரி. மழையில் உங்கள் மூச்சுக்காற்றே உள்சுவரில் நீராகப் படிந்து வழியும், விடியும்போது தூக்கப்பை ஈரமாகிவிடும். அதனால் இரட்டைச் சுவர் (உள்ளே ஒரு கூடாரம், அதன்மேல் தனியாக ஒரு மழைத்துணி) எடுங்கள், இருவருக்கு 2 கிலோவுக்குள்ளேயே கிடைக்கும். நைலான் நனைந்தால் தொய்யும், ராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. நீர்தாங்கும் அளவு (எவ்வளவு உயர நீரைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்பது) மேல்துணிக்கு 1500 மில்லிமீட்டராவது, தரைத்துணிக்கு 3000 இருந்தால் நல்லது.

வாங்கியதும் மொட்டை மாடியில் விரித்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தையலில்தான் ஒழுகும். துணியில் நீர் புகாமலிருக்கப் பூசியது சிலிக்கோன் என்றால் தையலில் டேப் ஒட்டாது, சிலிக்கோன் பசைதான் தடவணும்.

அப்புறம், திரும்பி வந்ததும் ஈரத்தோடு சுருட்டி பரண்மேல் போட்டுவிடாதீர்கள். நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் பாலியூரித்தேன் பூச்சு (இதுவும் நீர் புகாமலிருக்கப் பூசுவதுதான்) சீக்கிரமே பிசுபிசுத்து, நாற்றமடித்து உரிந்துவிடும்.