'மோர் பெட்டர்' எழுதலாமா? வினையடை ஒப்பீடு: கேள்வி-பதில்

'ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட் தேன் மீ' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். என்ன தவறு?

தமிழ்ப் பழக்கம்தான். 'என்னைவிட வேகமாக' என்னும்போது ஒப்பீட்டை 'விட' என்ற சொல்லே பார்த்துக்கொள்கிறது, 'வேகமாக' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'தேன்' மட்டும் போதாது, வினையடையும் மாற வேண்டும்: 'ஃபாஸ்டர் தேன் மீ'.

எதற்கு 'எர்', எதற்கு 'மோர்'?

பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே வடிவில் வரும் ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஹை போன்றவை 'எர்', 'எஸ்ட்' ஏற்கும். 'லி' ஒட்டி உருவானவற்றுக்கு முன்னால் மோர், மோஸ்ட்: மோர் கேர்ஃபுலி, மோஸ்ட் கேர்ஃபுலி. 'இயர்லி' மட்டும் ஏன் 'இயர்லியர்' ஆகிறது என்று கேட்பீர்கள். அது பெயரடையாகவும் 'இயர்லி'தானே. முதல் கூட்டத்தைச் சேர்ந்தது.

'குவிக்கர்' பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. தேர்வுத்தாளில் 'மோர் குவிக்லி' என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை.

'மோர் பெட்டர்' சரியா?

இல்லை. 'வெல்' என்பதன் ஒப்பீடுதான் 'பெட்டர்'. அதன்மேல் 'மோர்' எதற்கு? அழுத்தம் வேண்டுமானால் 'மச் பெட்டர்', 'ஃபார் பெட்டர்'. 'வெரி பெட்டர்' வேண்டவே வேண்டாம். 'பேட்லி'க்கு வொர்ஸ், வொர்ஸ்ட்.

ஊழியர் ஒருவருக்கான பரிந்துரைக் கடிதத்தில் 'ஹீ வொர்க்ஸ் மோர் ஹார்ட்லி தேன் அதர்ஸ்' என எழுதலாமா?

அவர் மீது கோபம் எதுவும் இல்லையே? 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்று பொருள். 'ஹார்டர் தேன் அதர்ஸ்' என்று எழுதினால் அவர் பிழைத்தார். 'லேட்லி'யும் இதே ரகம்: தாமதத்தைக் குறிக்காது, 'அண்மைக்காலமாக' என்று பொருள்படும். தாமதமாக வருவதை ஒப்பிட 'லேட்டர்'.

'ஷீ ரன்ஸ் ஃபாஸ்டஸ்ட்' என்பதில் 'தி' வேண்டுமா?

சேர்க்கலாம், விடலாம்.

'ஷீ லவ்ஸ் த டாக் மோர் தேன் மீ': 'மீ' சரியா, 'ஐ' சரியா?

எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாயின் மீது என்னைவிட அவளுக்குப் பாசம் அதிகமா, அல்லது என் மீது இருப்பதைவிட நாயின் மீது அதிகமா? 'மீ' இரண்டுக்கும் இடம் கொடுக்கும். வெறும் 'ஐ' இலக்கணப்படி சரியே, ஆனால் காதுக்கு விறைப்பாக இருக்கும். முதல் பொருளுக்கு 'தேன் ஐ டூ' என்றும், இரண்டாவதற்கு 'தேன் ஷீ லவ்ஸ் மீ' என்றும் முழுதாக எழுதுங்கள். ஒரு சொல்லை மிச்சப்படுத்தப்போய் வீட்டில் சண்டை எதற்கு?