கெரில்லாப் போரா, கொரில்லாப் போரா? இந்தச் சொல்லுக்கும் குரங்குக்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை. பிழை திருத்தும் வேலையில் இருக்கிறேன். 'கொரில்லாப் போர்' என்று வரும்போதெல்லாம் 'கொ'வின் துணைக்காலை அடித்துக் 'கெ' ஆக்குவது என் வழக்கம்.

ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். லத்தீன் வழி வந்த மொழி என்றாலும் இந்தச் சொல் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'வார்' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். நாம் 'குட்டி' சேர்ப்பதுபோல ஸ்பானியர்கள் 'இயா' என்ற வாலைச் சேர்ப்பார்கள். ஆக 'கெர்ரீயா' என்றால் குட்டிப் போர். ஐஸ்கிரீம் வெனிலாவும் இதே வார்ப்புதான்: நெற்றைக் குறிக்கும் சொல்லோடு அந்த வால் சேர்ந்து 'குட்டி நெற்று' ஆனது. எழுத்தில் இரண்டு 'எல்' இருப்பதால், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வரும்போது 'யா' போய் 'ல்லா' ஆகிவிட்டது. கெரில்லாப் போர் என்பதே 'குட்டிப் போர்ப் போர்'தான், நம் 'கேட்டு வாசல்' மாதிரி.

சொல் முன்பே இருந்தது. ஆனால் ஐரோப்பா முழுக்கப் பரவியது 1808க்குப் பிறகு. நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயினின் அரியணையில் உட்கார வைத்தார். ஸ்பெயினின் படைகள் தோற்றுக்கொண்டே இருக்க, விவசாயிகளும் கள்ளக்கடத்தல்காரர்களும் சில துறவிகளும்கூட கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தபால் வீரர்களையும் உணவு வண்டிகளையும் மடக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பவே குதிரைப்படைத் துணை வேண்டியதாயிற்று.

அவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஹுவான் மார்ட்டின் டியெஸ் என்ற விவசாயி. அவருடைய ஊரில் ஓடும் ஓடையின் கருஞ்சேற்றை வைத்து ஊர்க்காரர்களுக்கு 'எம்பெசினாதோ' என்று பட்டப்பெயர். அவர் விடாமல் போரிட்டதால், அந்தப் பெயரிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு இன்று 'பிடிவாதம் பிடித்தல்' என்று பொருள். ஒரு மனிதர் சேற்றை மனவுறுதியாக மாற்றிய கதை இது, நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

குரங்கின் பெயர் வேறு வழியில் வந்தது. வட ஆப்பிரிக்காவின் பழங்கால நகரமான கார்த்தேஜைச் சேர்ந்த மாலுமி ஹன்னோவின் பயணக் குறிப்பு கிரேக்கத்தில் கிடைக்கிறது; அதில் உடம்பெல்லாம் மயிர் கொண்டவர்களுக்கு 'கொரில்லாய்' என்று பெயர். 1847இல் அதை எடுத்துக் குரங்குக்குச் சூட்டினார்கள்.

தமிழில் 'கரந்தடிப் போர்' என்ற அருமையான சொல் உண்டு. ஈழத் தமிழர் எழுத்தில் நிறையப் பார்க்கலாம். கரந்து என்றால் மறைந்து, மறைந்திருந்து அடிப்பது. நான் எழுதும்போது அதையே எழுதுகிறேன். பிறர் எழுதியதில் துணைக்காலை மட்டும் அடிக்கிறேன்.