நான் வந்தாலே டிவி நின்றுவிடுகிறது

அன்புள்ள மேடம்,

இதைப் பிரச்சினை என்று எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. குடி, கடன், சந்தேகம் என்று உங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு நடுவில் நான் டிவி பார்ப்பதைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் மூன்று மாதமாக மனசில் கிடந்து அரிக்கிறது.

எனக்கு 47 வயது. மனைவி, பதினாறு வயதில் ஒரே மகள். சினிமா என்றால் எனக்கு உயிர். கல்லூரி நாளிலிருந்து பார்க்கிற ஒவ்வொரு படத்தையும் நோட்டில் எழுதி வைப்பேன். பெயர், தேதி, பத்துக்கு எத்தனை மார்க், அப்புறம் ஒரு வரி விமர்சனம். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. எட்டுக்கு மேல் வாங்கிய படங்கள் ஐம்பதைத் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சேர்ந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்கு வராது. மழையில் நனைந்த பெண்ணின் தலைமுடி அடுத்த ஷாட்டில் காய்ந்திருந்தால் சொல்லத்தான் செய்வேன். ஒரு ஃபோன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை இரண்டரை மணி நேரம் இழுத்தால் அதையும் சொல்வேன். மூன்று மாதத்துக்கு முன்னால் மனைவி ஆசையாக ஒரு படம் போட்டாள். சாகக் கிடக்கிற அம்மாவின் கையை மகன் பிடிக்கிற காட்சி. "இப்ப வயலின் வரும் பாரு" என்றேன். வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் எழுந்து தூங்கப் போய்விட்டாள். மறுநாள் கேட்டதற்கு, "நான் எங்க படத்தைப் பாத்தேன்? உங்க மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தேன், எப்ப உதட்டைப் பிதுக்குவீங்களோன்னு" என்றாள்.

மகள் கொரியத் தொடர்கள் பார்ப்பாள். ஒரு நாள், "இதில் என்ன இருக்கிறது என்று இப்படிப் பார்க்கிறாய், ஒரே ஒரு காரணம் சொல்" என்று கேட்டேன். "தெரியல, பிடிச்சிருக்கு" என்றாள். தெரியாமல் எப்படிப் பிடிக்கும் என்றேன். "உங்களுக்குப் பிடிக்காதது எனக்குப் பிடிச்சா நான் முட்டாளாப்பா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

போன வாரம் வேலை முடிந்து வருகிறேன், சிரிப்புச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது. உள்ளே போய்ப் பையை இறக்கி வைப்பதற்குள் படம் நின்றுவிட்டது. திரையில் கதாநாயகன் கண் பாதி மூடி, வாய் கோணி, தும்மப் போகிறவன் மாதிரி உறைந்து நிற்கிறான். மகள் ரிமோட்டைப் பிடித்தபடியே "நியூஸ் பாக்கணுமாப்பா?" என்றாள். வேண்டாம், நீங்கள் பாருங்கள் என்றேன். "பரவால்ல, அப்புறம் பாத்துக்கறோம்." நான் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்த சத்தம் கேட்டதும் மறுபடியும் சிரிப்பு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கொரியத் தொடரை ஃபோனில், இயர்ஃபோன் போட்டுக்கொண்டு பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தேன், உண்மையைச் சொல்கிறேன். மகளின் ப்ரொஃபைல்தான் திறந்திருந்தது, அவள் ஒன்பதாம் பகுதியில் விட்டிருந்தாள், அங்கிருந்தே ஆரம்பித்தேன். பதினொன்றாம் பகுதியில் ஒரு அப்பா, மகள் வேலை பார்க்கிற இடத்துக்கு வெளியே மத்தியானம் முழுக்க நிற்கிறார். அவள் வந்ததும், சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான் காட்சி. நான் விடிகாலை மூன்று மணிக்குத் தேம்பித் தேம்பி அழுதேன். காலையில் மகள், "என் ப்ரொஃபைல்ல யாரு பாத்தது? ஒன்பதுல விட்டேன், பன்னெண்டுல நிக்குது" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

என் கேள்வி இதுதான். மோசமானதை மோசம் என்று சொல்வது தப்பா? என் வீட்டில் நான் உட்கார வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்று பொய் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டுமா?

– பெயர் வேண்டாம்

*

அன்புள்ள நண்பருக்கு,

கூச்சமே வேண்டாம். ஒரு வீட்டில் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் வந்தால் பேச்சு நிற்கிறது என்பதெல்லாம் என்னிடம் வருகிற முக்கால்வாசி கதைகளில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கடிதத்தில் அது நடுவிலேயே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். தப்பில்லை. பொய்யும் சொல்ல வேண்டாம், சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள், இத்தனை வருஷமாக உங்கள் உதட்டைப் படித்துப் பழகியவர்கள். ஆனால் உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லையே. உங்கள் மனைவி கேட்டது ஒரு படத்தை முழுசாகப் பார்க்க விடுங்கள் என்பதுதான். அதை நீங்கள் கருத்துச் சுதந்திரப் பிரச்சினையாக மாற்றிவிட்டீர்கள்.

"உங்க மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தேன்." கடிதத்தில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. 2014-ல் எரிக்கா பூத்பி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒருவர் சாக்லேட் சாப்பிடுகிறார். பக்கத்தில் இன்னொருவரும் அதே சாக்லேட்டைச் சாப்பிட்டால் ருசி கூடுகிறது, அவர் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தால் அந்த அளவுக்கு இல்லை. இருவரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை. கசப்பான சாக்லேட் கொடுத்தபோது தலைகீழ், சேர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கசப்பு இன்னும் பிடிக்காமல் போனது. பக்கத்தில் ஆள் இருந்தாலே உணர்ச்சி ஏறுகிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிற ஆளால் ஒரு சாவுக் காட்சி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வயலின் வரும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் வயலின் வரும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழ உட்கார்ந்திருந்தார். அழுவதற்காகவே ஒரு படத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவதில் கேவலம் ஒன்றும் இல்லை, நானும் செய்வதுண்டு.

மகள் விஷயத்தில் நீங்கள் கேட்ட கேள்வியே கோளாறு. காரணம் சொல் என்கிறீர்கள். டிமத்தி வில்சன் என்ற உளவியலாளர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் சில போஸ்டர்களைக் காட்டி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். சில போஸ்டர்களில் புகழ்பெற்ற ஓவியங்கள், சிலவற்றில் பூனைப் படம் மாதிரி வேடிக்கையானவை. பாதிப் பேரை, ஒவ்வொன்றும் ஏன் பிடித்திருக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதிவிட்டு எடுக்கச் சொன்னார்கள். மீதிப் பேர் சும்மா பார்த்து எடுத்தார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதி எடுத்தவர்களுக்குத்தான் தாங்கள் எடுத்ததில் திருப்தி குறைவாக இருந்தது. வாயில் எது சுலபமாக வருகிறதோ அதைக் காரணமாக எழுதி, அதை நம்பி எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் விமர்சனங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். காய்ந்த தலைமுடி, பேசாத ஃபோன், எதிர்பார்த்த வயலின். எல்லாமே வாயில் சுலபமாக வருகிறவை. குறைக்கு வார்த்தை உடனே கிடைக்கும். பிடித்ததற்குக் கிடைக்காது, அந்த மூன்று மணி அழுகைக்கு உங்களாலேயே "அவ்வளவுதான் காட்சி" என்பதற்கு மேல் எழுத முடியவில்லையே. அதனால் குறை சொல்கிறவர் எப்போதும் விவரமானவராகவும், பிடித்தவர் பேந்தப் பேந்த விழிக்கிறவராகவும் தெரிகிறார்கள். உங்கள் பெண் "தெரியல, பிடிச்சிருக்கு" என்றது நேர்மையான பதில். அதற்கு நீங்கள் மார்க் போட்டீர்கள். அவள் காதில் விழுந்தது தொடரைப் பற்றிய மார்க் இல்லை.

விவாதம் செய்கிற வீடு கெட்ட வீடு என்று நான் சொல்ல மாட்டேன். ஜீன் சிஸ்கல், ராஜர் ஈபர்ட் என்று அமெரிக்காவில் இரண்டு விமர்சகர்கள், 1975-லிருந்து 1999-ல் சிஸ்கல் இறக்கும் வரைக்கும் டிவியில் ஒருவரையொருவர் காய்ச்சி எடுத்தார்கள். மக்கள் அதை ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் இருவரும் சமமான ஆட்கள், படம் முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான் சண்டை. உங்கள் வீட்டில் ஒரு பக்கம் நான்கு நோட்டு, இன்னொரு பக்கம் பதினாறு வயசு. படமும் பாதியில் இருக்கிறது.

நோட்டைத் தூக்கிப் போடச் சொல்வேன் என்று பயப்பட வேண்டாம். எனக்கு அந்த நோட்டு பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் ஐந்து நட்சத்திர முறையை எடுத்துவிட்டு, பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிற கட்டைவிரல் முறைக்கு மாறியது. அப்போது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, ஜனங்கள் கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள், லேசான நகைச்சுவைப் படத்துக்கு மூன்று போடுகிறார்கள், ஆனால் அதிகமாகப் பார்ப்பது அந்த மூன்று நட்சத்திரப் படத்தைத்தான் என்பது. மார்க் போடும்போது நாம் எல்லோரும் கொஞ்சம் விரைப்பாகத்தான் உட்காருகிறோம். உங்கள் நோட்டில் எட்டுக்கு மேல் வாங்கிய அந்த ஐம்பது படங்களில் எத்தனையை இரண்டாவது தடவை பார்த்தீர்கள்?

அப்புறம், ஜான் காட்மன். தம்பதிகளைப் பல வருஷம் கவனித்த ஆய்வாளர். "அங்க பாரேன்" என்று ஒருவர் சும்மா சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதை எண்ணினார். ஆறு வருஷம் கழித்துச் சேர்ந்திருந்தவர்கள் 100-க்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான். அவர் எண்ணியது தம்பதிகளை. ஆனாலும் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தப் படம் போடவா?" என்று உங்கள் மனைவி கேட்டதும், உங்கள் பெண் அந்தத் தொடரைக் கூடத்து டிவியில் போட்டுப் பார்த்ததும் இந்த "அங்க பாரேன்" வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் ஃபோனில் பார்த்திருக்கலாம் அல்லவா. இன்னும் முழுசாக ஃபோனுக்குப் போகவில்லை. அதுவரைக்கும் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

சரி, என்ன செய்வது. மனைவியிடம் அந்த வயலின் ராத்திரிக்குத் தனியாக ஒரு மன்னிப்பு கேளுங்கள், "நான் விளையாட்டுக்குத்தான்" என்ற வாலைச் சேர்க்காமல். படம் ஓடும்போது வாயைத் திறக்காதீர்கள், முதல் வாரம் நமைச்சல் தாங்காது, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கிறுக்குங்கள். மறுநாள் அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள். கேட்பார்கள், கொஞ்ச நாள் ஆகும். நீங்கள் கேட்பதானால் "ஏன் பிடித்தது" வேண்டாம், "எந்த இடம் பிடித்தது" என்று கேளுங்கள். இடத்தைச் சொல்ல எல்லோருக்கும் வரும், அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடும். உங்களுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் "எனக்கு ஒட்டலை" என்பதோடு நிறுத்துங்கள். அதுவும் உண்மைதான், பொய் இல்லை.

கடைசியாக அந்த ப்ரொஃபைல். ஒரு வீட்டில் மூன்று பேர். அம்மா பார்த்திருந்தால் அம்மா சொல்லியிருப்பார். பதினாறு வயசுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு போடத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? அவளுக்குத் தெரியும், அல்லது பாதி தெரியும். "யாரு பாத்தது" என்று கேட்டபோது உங்களைப் பார்த்துத்தான் கேட்டிருப்பாள், நீங்கள்தான் பேப்பரில் முகத்தை வைத்திருந்தீர்கள். வேலை பார்க்கிற இடத்துக்கு வெளியே மத்தியானம் முழுக்க நின்றுவிட்டு, சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போன அந்த அப்பாவுக்காக மூன்று மணிக்கு அழுதீர்கள். காலையில் நீங்களும் அதையேதான் செய்தீர்கள்.

அது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். பதினொன்றாம் பகுதியில் அழுதேன் என்பதையும் சொல்லுங்கள். சிரிப்பாள், உங்கள் மனைவியைக் கூப்பிட்டு அவரையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பாள், ஒரு வாரத்துக்கு ஓட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். அவள் விட்ட ஒன்பதாம் பகுதியிலிருந்தே பாக்கியை மூன்று பேரும் டிவியிலேயே பாருங்கள். முடிந்ததும் மார்க் எவ்வளவு என்று கண்டிப்பாகக் கேட்பாள். நோட்டையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.